அந்தச் சின்னப் பையனுக்கு டிவி வேண்டும்: ‘அழும் ஒட்டகத்தின் கதை’ பற்றி

பத்து வயது மகனோடு உட்கார்ந்து ‘அழும் ஒட்டகத்தின் கதை’ ஆவணப்படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். படம் முடிந்ததும் பையன் மூன்று கேள்வி கேட்டிருக்கிறான். ஒட்டகம் நிஜமாகவே அழுததா? அந்தக் குடும்பம் நிஜமா, நடித்தார்களா? டிவி கேட்ட அந்தச் சின்னப் பையன் பெரியவனானதும் ஆடுதான் மேய்ப்பானா? முதல் இரண்டையும் எப்படியோ சமாளித்துவிட்டேன், மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான். இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒட்டகத்தின் கண்ணீரிலேயே நின்றுவிடுகிறார்கள். நான் மூன்று நான்கு முறை பார்த்தபின் எனக்குத் தோன்றியது, இது அந்தத் தம்பிப் பையனின் படம் என்பதுதான்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மங்கோலியாவின் தெற்கே கோபிப் பாலைவனம். அங்கே ஆடு, வெள்ளாடு, ஒட்டகம் மேய்க்கும் ஒரு குடும்பம். நான்கு தலைமுறை அருகருகே உள்ள ‘கெர்’ கூடாரங்களில் வாழ்கிறது. வசந்தகாலம், ஒட்டகங்கள் ஈனும் பருவம். கடைசியாக ஈன வேண்டிய பெட்டைக்கு அது தலைச்சன். இரண்டு நாள் அவஸ்தைப்பட்டு, வீட்டார் காலைப் பிடித்து இழுத்து, ஒருவழியாகக் கன்று வெளியே வருகிறது. வெள்ளை வெளேரென்று ஒரு கன்று. தாய் அதை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டேன் என்கிறது. மடியருகே வந்தால் உதைக்கிறது, கடிக்க வருகிறது. பின்னங்காலைக் கட்டிப் பார்க்கிறார்கள், பலிக்கவில்லை. வீட்டுப் பெண் பாலைக் கறந்து கொம்பில் ஊற்றிக் கன்றுக்குப் புகட்டுகிறாள். கன்று ராத்திரியெல்லாம் கத்துகிறது. கடைசியில் பெரியவர்கள் முடிவெடுக்கிறார்கள்: இசைக்காரரை அழைத்து வந்து சடங்கு செய்ய வேண்டும். அவரை அழைத்து வரப் போகிறவர்கள் இரண்டு பையன்கள். அண்ணன் தூதே, தம்பி உக்னா. ஆளுக்கொரு ஒட்டகத்தில் ஏறி, பாலைவனத்தைக் கடந்து, மாவட்டத் தலைமையிடத்துக்குப் போகிறார்கள்.

எடுத்தவர்கள் இருவர். உலான்பாத்தரில் பிறந்த பியாம்பசூரென் தவா, இத்தாலியரான லூய்ஜி ஃபலோர்னி. இருவரும் ஜெர்மனியில் மியூனிக் திரைப்படக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது எடுத்த படம் இது. 2003-இல் வெளிவந்தது. 2005-இல் ஆஸ்கர் ஆவணப்படப் பிரிவின் இறுதிப் பட்டியல் வரை போனது.

சரி, நடிப்பா நிஜமா என்ற கேள்வி. குடும்பம் நிஜம். ஒட்டகம் நிஜம். தாய் கன்றை ஒதுக்கியதும் நிஜம். அதை எழுதி வைத்துக்கொண்டு ஒட்டகத்திடம் நடிப்பு வாங்க முடியாது. ஆனால் நடுவில் வரும் சில காட்சிகள், உதாரணமாகப் பையன்கள் புறப்படும்போது வீட்டார் பேசுவது, இரண்டு பக்கமும் கேமரா வைத்து வெட்டி ஒட்டியவை. அன்றாடம் செய்வதையே கேமராவுக்காக இன்னொரு முறை செய்து காட்டியிருக்கிறார்கள். இது ஆவணப்படம் பிறந்த நாளிலிருந்தே உள்ள பழக்கம். 1922-இல் ராபர்ட் ஃப்ளாகர்ட்டி எடுத்த ‘நானூக்’ படத்தில் பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று வீட்டைப் பாதியாக வெட்டித் திறந்து வைத்துத்தான் உள்ளே தூங்குவதுபோல் எடுத்தார். வேட்டைக்குத் துப்பாக்கி எடுத்துக்கொண்டிருந்தவர்களை ஈட்டியோடு போகச் சொன்னார். இந்த இரண்டாவது காரியம்தான் எனக்கு உறுத்தல். பழையபடி இருப்பதாகக் காட்ட, இருப்பதை மறைத்தது. தவாவும் ஃபலோர்னியும் அதைச் செய்யவில்லை. மோட்டார் பைக் இருக்கிறது, காட்டுகிறார்கள். தாத்தாவின் ரேடியோவுக்கு பேட்டரி தீர்ந்துவிட்டது, அதையும் காட்டுகிறார்கள். ஊருக்குப் போகும் பையன்களுக்கு இட்ட வேலைகளில் அந்த பேட்டரி வாங்கி வருவதும் ஒன்று. ஆகவே மகனிடம் இப்படிச் சொல்லலாம்: சில காட்சிகளை இரண்டாம் முறை செய்து காட்டினார்கள், ஆனால் இல்லாததை இருப்பதாகக் காட்டவில்லை.

அழுகைக்கு வருவோம். ஒட்டகத்தின் கண் காற்றிலும் மணலிலும் நீர் கோப்பது சாதாரணம். மணலைக் கழுவித்தள்ள இயற்கை கொடுத்த ஏற்பாடு. அதனால் அந்தக் கண்ணீரை நம் கண்ணீர்போலச் சோகத்தின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. ஆனால் கண்ணீரை விட்டுவிட்டு மடியைப் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆட்டிலும் மாட்டிலும் இதை நிறையப் படித்திருக்கிறார்கள். ஈனும் நேரத்தில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் மூளையில் ஏறுகிறது. அந்தச் சில மணி நேரத்துக்குள் தாய் குட்டியை நக்கி, முகர்ந்து, இது என் குட்டி என்று வாசனையைப் பதித்துக்கொள்ள வேண்டும். தலைச்சன் ஈற்றாக இருந்து, வலியும் அலைக்கழிப்பும் அதிகமாகி, மனிதக் கை உள்ளே போய் இழுத்தெடுக்க நேர்ந்தால், அந்த நேரம் தப்பிப்போகலாம். படத்தில் வரும் பெட்டைக்கு எல்லாமே சேர்ந்து நடந்தது.

இதே ஹார்மோன்தான் பால் சுரக்கவும் வேண்டும். பயந்த, மிரண்ட உயிர் பாலை மடியில் அடக்கிக்கொள்ளும். ஒட்டகம் இதில் மாட்டைவிடப் பிடிவாதம்; கன்று ஊட்டாமல் சுலபத்தில் பால் இறக்காது. நம் வீடுகளில் கன்று செத்துப்போன பசுவின் முன்னால் வைக்கோல் அடைத்த தோல்கன்றை நிறுத்திக் கறந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செத்த குட்டியின் தோலை அநாதைக் குட்டியின் மேல் போர்த்தித் தாயை ஏமாற்றுவது உலகம் முழுக்க இடையர்களுக்குத் தெரிந்த வேலை. மங்கோலியர்கள் ஏமாற்றுவதற்குப் பதிலாகப் பாட்டுப் பாடுகிறார்கள்.

அந்தச் சடங்கை உன்னிப்பாகப் பாருங்கள். வந்த இசைக்காரர் உடனே வாசிக்க உட்காரவில்லை. முதலில் மொரின் ஹூரை, அதாவது குதிரைத்தலை செதுக்கிய இரட்டைத் தந்தி வாத்தியத்தை, ஒட்டகத்தின் திமிலில் மாட்டி விடுகிறார். பாலைவனக் காற்று தந்தியில் பட்டுத் தானாக ஒரு முனகல் எழுகிறது. வாத்தியம் ஒட்டகத்துக்குப் பழகட்டும் என்று நிற்கிறார்கள். பிறகுதான் அதை எடுத்து வாசிக்கத் தொடங்குகிறார். வீட்டுப் பெண் ஒட்டகத்தின் பக்கத்தில் நின்று, கழுத்திலும் விலாவிலும் தடவிக்கொண்டே, ஒரே சொல்லை இழுத்து இழுத்துப் பாடுகிறாள்: “ஹூஸ்... ஹூஸ்... ஹூஸ்...” அதற்குப் பொருள் கிடையாது. ஒட்டகத்துக்கென்றே உள்ள ஒலி அது. ஆட்டுக்கு வேறு, “தொய்க், தொய்க்” என்று. மெல்லிய, மாறாத ஒலி, மாறாத தடவல், மணிக்கணக்கில். ஒட்டகத்தின் உடம்பு இளகுவது கண்ணுக்குத் தெரிகிறது. கன்றை அருகே விடுகிறார்கள். அது முட்டிக் குடிக்கிறது. தாய் விலகவில்லை. கண்ணில் நீர் வழிகிறது. அதை அழுகை என்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டுத் தீர்ப்பு.

இந்தச் சடங்கை 2015-இல் யுனெஸ்கோ, உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. காரணம் எளிது. மங்கோலியாவில் 1950-களில் எட்டு லட்சத்துக்கு மேல் இருந்த ஒட்டகங்கள், இந்தப் படம் எடுத்த காலத்தில் இரண்டரை லட்சம் அளவுக்குக் குறைந்திருந்தன. சுமை தூக்க லாரி வந்தது, ஆள் போக மோட்டார் பைக் வந்தது. ஒட்டகம் குறைந்தால் ஒட்டகத்துக்குப் பாடுகிறவர்களும் குறைவார்கள்.

இதெல்லாம் தகவல். இனிமேல்தான் உங்கள் மகனின் உண்மையான கேள்வி.

அண்ணன் புறப்படும்போது தம்பி நானும் வருவேன் என்கிறான். நீ சின்னப் பையன் என்கிறார்கள். விடாப்பிடியாகக் கிளம்புகிறான். பார்வைக்கு ஆறேழு வயதுதான் இருக்கும், இரண்டு திமிலுக்கும் நடுவே மூட்டைபோல உட்கார்ந்திருக்கிறான். வழியில் ஒரு கூடாரத்தில் தங்குகிறார்கள். அங்கே டிவி இருக்கிறது. படம் முழுக்க ஓடிக்கொண்டே இருந்த அந்தப் பையன் அங்கேதான் முதல்முறையாக அசையாமல் உட்காருகிறான். கேமரா டிவியைக் கொஞ்சம் காட்டுகிறது, அவன் முகத்தை அதிகம் காட்டுகிறது. டிவி என்ன விலை என்று பேச்சு வந்தால், பதில் பணக்கணக்கில் வருவதில்லை, ஆட்டுக்கணக்கில் வருகிறது. வீடு திரும்பி டிவி வேண்டும் என்கிறான். நாள் முழுக்கக் கண்ணாடிக்குள் இருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாய், அது நல்லதில்லை என்று பெரியவர் சொல்கிறார். ரேடியோவுக்கு பேட்டரி வாங்கி வரச் சொன்ன வீடுதான் இதுவும்! என் அப்பா வழித் தாத்தா ஆடு மேய்த்தவர். டிரான்சிஸ்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் ஆட்டுக்குப் பின்னால் போவார். வீட்டுக்கு டிவி வந்தபோது அதிகம் முணுமுணுத்தவரும் அவர்தான். அதனால் அந்தக் காட்சியில் எனக்குச் சிரிப்பு அடக்கவில்லை.

டிவி கேட்பதால் அவன் மேய்ப்பன் ஆக மாட்டான் என்று நினைக்க வேண்டாம். அங்கே ஒரு பையன் மேய்ப்பன் ஆவது ஒருநாள் கோலைக் கையில் கொடுப்பதால் நடப்பதில்லை. மூன்று அல்லது ஐந்து வயதில் முதல் முடி இறக்கும் சடங்கு செய்கிறார்கள். உறவினர் ஒவ்வொருவரும் ஒரு கற்றை முடியை வெட்டி, கையோடு ஒரு பரிசும் தருவார்கள். வசதியுள்ளவர்கள் தருவது குட்டி, குதிரைக்கன்று. அந்தக் குட்டி அவனுடையது. அது ஈனுவதும் அவனுடையது. பள்ளிக்கூடம் போகும் முன்பே அவனுக்கென்று சொந்தமாக நாலைந்து உருப்படி இருக்கும். அந்த வயதிலேயே குதிரை ஏறுவான். எரிப்பதற்குக் காய்ந்த சாணம் பொறுக்குவான். பகலில் தாய்களை மேயவிட்டுக் குட்டிகளைத் தனியே நிறுத்தி வைத்திருப்பார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்வது சிறுபிள்ளைகளின் பொறுப்பு. சாயங்காலம் இரண்டையும் ஒன்றாக விடும்போது எழும் கூச்சலில் எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். யாரும் உட்கார்த்திச் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஆனால் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கேதான் சிக்கல். மேய்ப்பர் குடும்பங்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், பிள்ளைகள் வட்டாரத் தலையூரில் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். ஆறு வயதில் சேர்ப்பது என்று சட்டம் வந்தபின், ஆறு வயதுக் குழந்தையை விடுதியில் விட்டுவிட்டு வர மனமில்லாமல் தாய் ஊரிலேயே தங்குவதும், தகப்பன் தனியாக மந்தையோடு இருப்பதும் நடக்கிறது.

இன்னொரு விசித்திரம். பல நாடுகளில் பெண் பிள்ளைகளைத்தான் பள்ளியிலிருந்து நிறுத்துவார்கள். மங்கோலியாவில் நேர்மாறு. சோஷலிச காலத்தில் மந்தைகள் கூட்டுறவுக்குச் சொந்தம், மேய்ப்பருக்குச் சம்பளம், பிள்ளைகளின் படிப்பும் விடுதியும் அரசுச் செலவு. 1990-களின் தொடக்கத்தில் அந்த அமைப்பு கலைந்தது. மந்தைகள் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. திடீரென்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த மந்தை, மேய்க்க ஆள் இல்லை. அதே நேரம் விடுதிச் சாப்பாட்டுக்கென்று பெற்றோரிடம் இறைச்சி கேட்கத் தொடங்கினார்கள். அந்த வழக்கம் பின்னால் நிறுத்தப்பட்டது. விளைவு, ஆண் பிள்ளைகளை நிறுத்தி மந்தையோடு அனுப்பினார்கள், பெண் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். பல்கலைக்கழகங்களில் பெண்கள் அதிகமாக இருப்பதன் வேரில் இதுவும் ஒன்று. பெண் நகரத்தில் வேலைக்குப் போய்விடுகிறாள், புல்வெளியில் இருக்கும் இளைஞனுக்குப் பெண் கிடைப்பது கஷ்டம். இந்தப் பல்லவியை நாமும் கேட்டிருக்கிறோம்.

பையனின் ஆசையைக் காட்டிலும் அவன் வழியைத் தீர்மானிப்பது வானம். ‘ஜுட்’ என்று ஒரு சொல் உண்டு. கோடையில் வறட்சி வந்து புல் குட்டையாகி, அதன்மேல் கடும் பனிக்காலம் வந்தால் மந்தை மந்தையாகச் சாகும். அதற்குப் பெயர்தான் ஜுட். பனி உருகி மறுபடி உறைந்து பாறைபோல் மூடிக்கொண்டால் குளம்பால் கீறிக்கூடப் புல்லை எடுக்க முடியாது. 1999 முதல் 2002 வரை அடுத்தடுத்து மூன்று ஜுட். படத்தில் பார்க்கும் அமைதி அந்த மூன்று பனிக்காலத்துக்குப் பின் வந்த அமைதி. அப்புறம் 2009-10-இல் இன்னொன்று; 80 லட்சத்துக்கும் மேல் கால்நடை செத்தது. மந்தையை மொத்தமாக இழந்த குடும்பம் கூடாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு தலைநகரின் ஓரத்தில் போய் நடுகிறது. நாட்டு மக்கள் தொகையில் ஏறக்குறையப் பாதி இப்போது உலான்பாத்தரில். அந்த நகரத்தைச் சுற்றி மலைச்சரிவெங்கும் இருக்கும் கெர் குடியிருப்புகளில் பலவும் இப்படி வந்தவைதான்.

தப்பித்த குடும்பங்கள் மந்தையைப் பெருக்கின, அதிலும் வெள்ளாட்டை. வெள்ளாட்டின் அடிமுடிதான் காஷ்மீர் கம்பளி. சீனாவுக்கு அடுத்தபடி அதிகம் விற்பது மங்கோலியா. 2019-இல் நாட்டின் கால்நடை எண்ணிக்கை 7 கோடியைத் தொட்டது. மனிதர்கள் 33 லட்சம் பேர்தான். வெள்ளாடு புல்லை வேரோடு இழுக்கும். மேய்ச்சல் நிலம் நைந்துபோய், அடுத்த ஜுட்டுக்கு இன்னும் வசதியாகிவிடுகிறது.

இந்தக் கதியைத் தவாவே பின்தொடர்ந்திருக்கிறார். 2020-இல் அவர் எடுத்த ‘பூமியின் நரம்புகள்’ கற்பனைக் கதைதான், ஆனால் நடுவில் நிற்பது மறுபடியும் ஒரு மேய்ப்பர் வீட்டுப் பையன். பெயர் அம்ரா. அவனுக்கு டிவியில் பாட வேண்டும் என்று ஆசை. அவன் நிலத்துக்குத் தங்கச் சுரங்கக் கம்பெனி வருகிறது, எதிர்த்து நின்ற அப்பா விபத்தில் போய்விடுகிறார், பையன் கள்ளத்தனமாகத் தங்கம் தோண்டுகிறவர்களோடு சேர்கிறான். அப்படித் தோண்டுகிறவர்களை அங்கே ‘நிஞ்சா’ என்பார்கள். பச்சைத் தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு போவது கார்ட்டூன் நிஞ்சா ஆமைகள்போல இருக்கிறதாம். முதல் படத்துப் பையன் டிவியைப் பார்க்க ஏங்கினான், பதினேழு வருஷம் கழித்து வந்த படத்துப் பையன் டிவிக்குள் போக ஏங்குகிறான். மகனுக்கு இன்னும் இரண்டு வயது ஆகட்டும், பிறகு அதைக் காட்டுங்கள். அதுவரை இதே இயக்குநரின் 2005-ஆம் ஆண்டுப் படம் ‘மஞ்சள் நாயின் குகை’ போதும். ஒரு மேய்ப்பர் வீட்டுச் சிறுமி, அவள் குகையில் கண்டெடுத்த நாய், அது வேண்டாம் என்னும் அப்பா.

ஆக, உக்னா ஆடு மேய்ப்பானா? படம் எடுத்தவர்களே பதில் சொல்லவில்லை. ஒட்டகத்தின் கதை முடிந்தபின்னும் படம் உடனே முடிவதில்லை. கெருக்குள் டிவி வந்துவிடுகிறது. எத்தனை ஆடு போனதோ! மின்கம்பி இல்லாத அந்தப் பாலைவனத்தில் இது அபூர்வக் காட்சியாகத்தான் அன்று தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில்தான் மங்கோலிய அரசு ஒரு லட்சம் கெர்களுக்குச் சூரியத் தகடு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 2012 வாக்கில் கணக்கு லட்சத்தைத் தாண்டியது. பெரும்பாலான மேய்ப்பர் வீட்டுக் கூரைக்கருகே தகடு, உள்ளே ஒரு பல்பு, டிவி, செல்போன் சார்ஜர். டிவி வந்ததாலேயே புல்வெளியை விட்டவர்கள் உண்டு. ராத்திரி டிவி பார்க்க முடிகிறது என்பதாலேயே அங்கேயே இருந்துவிட்டவர்களும் உண்டு.

இன்னொரு முறை பார்க்கும்போது மகனிடம் அந்தக் கடைசி நிமிடங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். மொரின் ஹூர் ஓய்ந்துவிட்டது, கூடாரத்துக்கு வெளியே சாட்டிலைட் தட்டை நிறுத்தித் திசை பார்க்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் மொட்டை மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு “வந்துச்சா?” என்று கத்துவார். கீழே ஜன்னலிலிருந்து “இல்ல, இன்னும் புள்ளி புள்ளியாத்தான் வருது” என்று பதில் போகும்.